பெரிய டயரும் பழைய ரிம்மும்

மாலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் வாகனங்களை நிறுத்தி, மறுநாள் காலை 7.30 மணி வரையில் அவ்வீதியை நடப்பவர்களுக்கே விட்டுவிடுவது புதுச்சேரியின் நல்ல வழக்கங்களுள் ஒன்று. அந்த வேளையில் துய்மா வீதியிலும் அதையொட்டிய குறுக்கு வீதிகளிலும் வந்து ஒதுங்கி நிற்கும் வண்டிகளை நிதானமாகப் பார்த்துக்கொண்டு நடந்தால், இவ்வூர் யௌவனர்களுடைய ஆசை எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். மகிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா என்று ஜீப் வம்சத்தைச் சேர்ந்த வாகனங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் பல, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது போட்டிருந்த டயர்களைக் கழற்றிவிட்டு, பாளம் பாளமாகப் பல் எழுந்து மட்கார்டை முட்டிக்கொண்டிருக்கும் பெருத்த டயர்களைப் பூண்டிருக்கின்றன. குனிந்து பார்த்தால், டயர் புதியதாயினும் அதைத் தாங்கும் ரிம் மட்டும் கம்பெனி கொடுத்த பழைய ரிம்மாகவே இருப்பதைக் காணலாம். புது ரிம்முக்குச் செலவு செய்யாமல் டயரை மாத்திரம் பெரிதாக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் யுக்தமானது, எந்த இடத்தில் அது விபரீதமாகிறது என்பதைச் சாமானிய வாசகருக்கும் விளங்கும்படி சொல்லுவதே இக்கட்டுரையின் உத்தேசம்.

நகரத்துக்குள் இத்தகைய டயருக்கு வேலையே இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. 1693 முதல் 1699 வரையில் புதுச்சேரியைத் தம் வசம் வைத்திருந்த டச்சுக்காரர்கள் வகுத்ததாகச் சொல்லப்படும் நேர்கோட்டு வீதிகளில், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கேயும் மேற்கேயும், குன்றோ குழியோ கிடையாது. ஆனால் ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் பூமியின் சுபாவமே மாறிவிடுகிறது: வடக்கே ஆரோவில் பக்கத்தில் மழைநீர் அரித்து அரித்து உண்டாக்கிய செம்மண் பள்ளங்கள், தெற்கே பாகூரின் வயல்வெளியில் காலைப் பிடித்தால் விடாத களிமண், சுண்ணாம்பாற்று முகத்துவாரத்தை ஒட்டிய மணல். இவற்றுக்கெல்லாம் மேலாக மழைக்காலம் ஒன்று இருக்கிறது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலையும், 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயலையும் கண்டவர்களுக்கு நான் அதைப் பற்றி விஸ்தாரமாக எழுத வேண்டியதில்லை. ஃபெஞ்சலின்போது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, வெள்ளம் சூழ்ந்த குடியிருப்புகளிலிருந்து ஜனங்களை மீட்க ராணுவத்தையே வரவழைக்க நேர்ந்தது. ஆகையால், “உயரமான டயர் போட்டால் வெள்ளத்துக்குப் பயமில்லை” என்று ஒருவர் சொல்லும்போது அதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட மனம் வருவதில்லை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பதற்கு டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். தாரின் ஒரு ரகத்துக்குக் கம்பெனி கொடுக்கும் அளவு 245/75 ஆர் 16. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச் சுவர் உயர்ந்திருக்கிறது என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் நிற்கும் ‘ஆர்’ என்னும் எழுத்து, நூலடுக்குகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர் குறுக்காக ஓடும் ரேடியல் அமைப்பைக் குறிக்கிறது. பிரான்ஸின் க்ளேர்மோன் ஃபெரானிலுள்ள மிஷ்லின் கம்பெனியார் 1946இல் காப்புரிமை பெற்று 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அமைப்பு இது. இன்று உலகத்திலே மோட்டார் காருக்கு வேறு விதமான டயர் அநேகமாக இல்லை. இதே மிஷ்லின் கம்பெனியார் 1925இல் தென் வியத்நாமின் தாவ் தியெங் என்ற இடத்தில் ரப்பர்த் தோட்டம் ஆரம்பித்த காலத்தில், சைகோனிலுள்ள பிரெஞ்சு சர்க்கார் காரியாலயங்களில் உத்தியோகம் பார்த்துவந்த புதுச்சேரித் தமிழர்கள் பலர். பழைய குடும்பங்களில் சைகோன் பெட்டியும் சைகோன் கதையும் இல்லாத வீடுகள் குறைவு. ரப்பருக்கும் இந்த ஊருக்கும் உள்ள சம்பந்தம் இன்றும் அற்றுப்போகவில்லை: எம்.ஆர்.எஃப். கம்பெனியாரின் டயர்த் தொழிற்சாலைகளுள் ஒன்று நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த ஏரிப்பாக்கத்தில் இருக்கிறது. 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் குழந்தைகளுக்குப் பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனி அது.

எண்களுக்குத் திரும்புவோம். 245இல் 75 சதவீதம் 183.75 மில்லிமீட்டர், மேலும் கீழுமாக இரண்டு பக்கச் சுவர்கள், நடுவில் 16 அங்குல ரிம், அதாவது 406.4 மில்லிமீட்டர். எல்லாம் சேர்ந்து சக்கரத்தின் முழு உயரம் ஏறக்குறைய 774 மில்லிமீட்டர். இந்த ரிம்மில் 265/75 ஆர் 16 போட்டால் உயரம் 804; இன்னும் துணிந்து 285/75 ஆர் 16 போட்டால் 834. முதலாவது மாற்றத்தில் 30 மில்லிமீட்டரும், இரண்டாவதில் 60 மில்லிமீட்டரும் கூடுகின்றன. கடையில் நின்று இரண்டு டயர்களையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும்போது பிரமாதமாகத் தோன்றும் இந்த உயரத்தில் சரிபாதிதான் வண்டியைத் தூக்குகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சக்கரத்தின் மையத்துக்குக் கீழே கூடுவதே வண்டிக்கு லாபம், மேலே கூடுவது மட்கார்டுக்கு நஷ்டம். ஆக, 226 மில்லிமீட்டர் தரை இடைவெளியுள்ள தார், 265 டயரால் அடையும் லாபம் 15 மில்லிமீட்டர், சிறுவிரலின் பருமன். கம்பெனியார் அந்த வண்டி 650 மில்லிமீட்டர் ஆழமுள்ள நீரைக் கடக்கும் என்று சொல்லுகிறார்கள். அந்த எல்லையை நிர்ணயிப்பதில் என்ஜின் மூச்சு வாங்கும் குழாயின் வாயும், மின்சார இணைப்புகள் இருக்கும் உயரமும் பிரதானமானவை. வெள்ளத்தில் என்ஜினுக்குள் நீர் புகுந்துவிட்டால் டயரின் கம்பீரத்தால் ஆவது ஒன்றுமில்லை. இதற்கு நேர்மாறான சங்கடமும் உண்டு. மழையில் நனைந்த கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போகும்போது, அகலமான டயர் தன் அடியிலுள்ள நீரை வெளியேற்ற அதிக வேலை செய்ய வேண்டியிருப்பதால், குறுகிய டயரைவிடச் சீக்கிரமே நீர்ப்படலத்தின் மேல் மிதந்து பிடிப்பை இழக்கும்.

இனி ரிம்முக்கு வருவோம். விஷயத்தின் சாரம் அங்கேதான் இருக்கிறது. ரிம்முக்கு விட்டம் மாத்திரமல்ல, அகலமும் உண்டு. விட்டம் ஒத்துப்போனால் டயர் ஏறிவிடும் என்பது உண்மைதான். பஞ்சர் கடையில் இரண்டு நெம்புகோலைக் கொடுத்தால் ஏற்றியும் விடுவார்கள். ஆனால் ஒவ்வொரு டயருக்கும் இத்தனை அங்குலம் முதல் இத்தனை அங்குலம் வரையில் அகலமுள்ள ரிம்மே தகும் என்று அதைச் செய்பவர்கள் பிரமாணம் வகுத்திருக்கிறார்கள். 2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் டயர் 195/80 ஆர் 15. ரிம்மின் அகலம் 5.5 அங்குலம். இதில் 215/75 ஆர் 15 போடலாம். அந்த டயருக்குரிய வரம்பு 5.5 அங்குலத்திலிருந்தே தொடங்குகிறது. ஆனால் ஜிம்னிக்காரர்கள் மிகவும் ஆசைப்படும் 235/75 ஆர் 15க்கு வரம்பு 6 அங்குலத்தில்தான் ஆரம்பமாகிறது. கம்பெனி ரிம்மில் அதை ஏற்றுபவர், ஏறக்குறைய முக்கால் அங்குலம் உயரம் கிடைக்கிறதே என்று சந்தோஷப்படலாம். ஆனால் டயரைச் செய்தவரே அங்கீகரிக்காத ஒரு ஸ்தானத்தில் அதை உட்கார வைத்திருக்கிறார்.

அப்படி உட்கார வைத்தால் என்ன ஆகும்? டயரின் இரண்டு விளிம்புகளும் இருக்க வேண்டியதைவிட நெருங்கி வந்து, பக்கச் சுவர்கள் வெளியே பிதுங்குகின்றன. தரையைத் தொடும் பட்டை நடுவில் மேடிட்டு, சாலையில் ஓடும்போது நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேய்கிறது. வளைவில் திருப்பும்போது ரிம் திரும்பி, அதன் பிறகு டயர் திரும்புவதால், ஸ்டியரிங் சற்றுத் தாமதித்துப் பதில் சொல்லுகிறது. டயரின் அகலம் இன்ன அளவு என்று பொறித்திருப்பதும் ஒரு குறிப்பிட்ட ரிம் அகலத்தில் வைத்து அளந்ததுதான். ரிம் அரை அங்குலம் குறுகினால் டயரும் சுமார் 5 மில்லிமீட்டர் ஒடுங்கிக்கொள்ளும். ஆகையால் அகலத்துக்காகச் செலவழித்த பணத்தில் ஒரு பங்கு குறுகிய ரிம்மினாலேயே வீணாகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, கம்பெனி ரிம்மை நான் குறை கூறுவதாக எண்ணிவிடக் கூடாது. வரம்புக்குள் இருக்கும் வரையில் குறுகிய ரிம்மே காட்டுப் பாதைக்கு உகந்தது என்பது அநுபவஸ்தர்களின் அபிப்பிராயம். காற்றைக் குறைத்துக்கொண்டு மணலிலும் சேற்றிலும் திரும்பும்போது, அகலமான ரிம்மைவிடக் குறுகிய ரிம் டயரின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்ளுகிறது. பாறை உரசினாலும் முதலில் படுவது ரப்பர்தான், உலோகமல்ல. சந்தையில் விற்கும் பளபளப்பான அகல ரிம்களோ சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்துகின்றன. வீல் பேரிங்குக்கும் ஸ்டியரிங் இணைப்புகளுக்கும் பாரம் கூடுகிறது. சேறு முழுதும் கதவின்மேல் வந்து அடிக்கிறது. என்னைக் கேட்டால், ரிம்மை அப்படியே வைத்துக்கொண்டு அதன் வரம்புக்குள் அகப்படும் மிகப் பெரிய டயரோடு திருப்தி அடைகிறவனே புத்திசாலி.

ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது வண்டியின் ஹப்பில் போய்ப் பொருந்தும் முகத்துக்கும் இடையே ஒரு தூரம் உண்டு. தொழிலில் இருப்பவர்கள் அதை ஆஃப்செட் என்பார்கள். கம்பெனி ரிம்மில் இது மாறுவதில்லை. ஆகையால் டயர் 20 மில்லிமீட்டர் அகலம் கூடினால், 10 வெளிப்பக்கமும் 10 உட்பக்கமுமாகப் பிரிந்துகொள்ளும். வெளிப்பக்கம் கூடுவது கண்ணுக்கு அழகு. உட்பக்கம் கூடுவதுதான் கஷ்டம், ஏனெனில் அங்கே சஸ்பென்ஷன் கைகளும், ஸ்டியரிங் தண்டும், பிரேக் குழாயும் இருக்கின்றன. ஸ்டியரிங்கை முழுதும் ஒரு பக்கம் ஒடித்துப் பின்னுக்கு எடுக்கும்போது “கர், கர்” என்று கேட்கும் சத்தம் அங்கிருந்து வருவதே. இதற்குப் பரிகாரமாகச் சிலர் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் என்னும் தட்டை வைக்கிறார்கள். அது மலிவான வழிதான்; ஆனால் சக்கரத்தின் பாரம் முழுவதையும் தாங்கும் போல்ட்டுகளின்மேல் நெம்பும் விசையைக் கூட்டிவிடும் வழியும் அதுவே. இன்னும் சிலர் ஸ்டியரிங் அதிகம் திரும்பாதபடி தடை போல்ட்டை வெளியே நீட்டிவைப்பார்கள். 5.7 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும் ஜிம்னியைப் புதுவையின் குறுகிய சந்துகளில் இரண்டு தடவை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பும்படி செய்துகொள்வதில் என்ன லாபமோ எனக்கு விளங்கவில்லை.

உரசுகிறதா என்பதைக் கடையின் சமதரையில் நின்று தீர்மானிக்க முடியாது. ஒரு முன்சக்கரத்தை மேட்டின்மேல் ஏற்றி, எதிர்மூலைப் பின்சக்கரத்துக்கும் அவ்விதமே செய்து, ஸ்பிரிங் முழுவதும் அமுங்கிய நிலையில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். மட்கார்டின் உட்புறத்தில் சிறு சிறு களிமண் உருண்டைகளை ஒட்டிவைத்துக்கொண்டால், டயர் எங்கே எவ்வளவு நெருங்கியது என்பதை அவை நசுங்கிய விதமே காட்டிக்கொடுக்கும். நான்கு பேர் பிரயாணம் செய்யும் வண்டியானால் நான்கு பேரை ஏற்றி வைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

டயர் பெரிதானால் வண்டியின் கணக்குகள் எல்லாம் சிறிது சிறிதாகப் பொய்யாகின்றன. வேகமானி சக்கரம் எத்தனை முறை சுழல்கிறது என்பதை மட்டுமே அறியும். அதன் சுற்றளவு கூடியிருப்பதை அறியாது. ஜிம்னியில் 235 டயர் போட்டவருக்கு, முள் 80இல் நிற்கும்போது சக்கரம் கடக்கும் வேகம் கம்பெனி டயரில் கடந்ததைவிட ஏறக்குறைய 6 சதவீதம் அதிகம். 10,000 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 9,450க்குச் சற்றுக் குறைவாகத்தான் பதியும். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐக்கிய நாடுகள் வகுத்த 39ஆம் ஒழுங்குவிதி. அதனால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே அமைக்கின்றன. அந்தக் கூடுதலைப் பெரிய டயர் விழுங்கிவிடுகிறது. அதே 6 சதவீதம் இழுவையிலும் குறைகிறது: என்ஜினின் விசை அதே, கியரும் அதே, ஆனால் தரையைத் தள்ள வேண்டிய கை நீண்டுவிட்டது. சேற்றில் இறங்கி ஏறுவதற்கென்று வாங்கிய டயர், சேற்றிலிருந்து ஏறுவதற்கு வேண்டிய பலத்தையே கொஞ்சம் தின்றுவிடுகிறது என்பது இவ்விஷயத்திலுள்ள விநோதம். பிரேக்குக்கும் இதே கணக்கு உண்டு. இதன்மேல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஐந்தாறு கிலோ எடை கூடுவது சாதாரணம். ஐந்தாவது சக்கரமாகிய ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிற வண்டிகளில் அந்த எடை கதவின் கீல்களைப் பிடித்து இழுக்கும், பெருத்த டயர் பின்புறக் கண்ணாடிப் பார்வையையும் மறைக்கும்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அநுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். வரி குறைவென்று புதுச்சேரியின் பி.ஒய். 01 பதிவெண் பெற்று ஓட்டுகிறவருக்கும் இதுவே சட்டம். அதே மாடலின் உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியே எந்த அளவைக் கொடுக்கிறதோ அதற்குள் நின்றுகொள்வது வம்பில்லாத வழி. விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸ்காரர் வந்து டயரைப் பார்க்கும்போதும் அதுவே வாய்க்கு நல்ல பதில். டயரில் அளவுக்குப் பின்னால் பொறித்திருக்கும் பார எண்ணையும் வேக எழுத்தையும் பார்க்க வேண்டும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். ‘க்யூ’ என்றால் 160 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அது உத்தரவாதமில்லை. கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் குறைந்ததை எக்காரணத்தாலும் போடக் கூடாது.

டயரின் பல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏ.டி. என்பது தார்ச் சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவானது, எம்.டி. என்பது சேற்றுக்கென்றே பிறந்தது. வருஷத்தில் பெரும்பாலான நாள் காமராஜ் சாலையிலும் மாதத்துக்கொரு நாள் செம்மண் பாதையிலும் ஓடும் வண்டிக்கு எம்.டி. எதற்கு? அது தார்ச் சாலையில் ஓயாமல் முனகும். ஈரச் சாலையில் நிற்க அதிக தூரம் கேட்கும்.

உண்மையில் மணலிலும் சேற்றிலும் டயரின் அளவைவிடக் காற்றின் அளவே பெரிய காரியம் செய்கிறது. சோழமண்டலக் கரையின் மீனவக் குப்பங்களில் ஃபைபர் படகுகளைக் கட்டி இழுத்து மேடேற்றும் டிராக்டர்களைப் பார்த்திருப்பவர்கள், அவை பொலபொலவென்ற மணலில் சிரமமில்லாமல் ஊர்வதைக் கவனித்திருக்கலாம். பெரிய டயர் ஒரு காரணமென்றால், அதற்குள் காரின் டயரைவிடக் குறைந்த காற்றே இருப்பது மற்றொரு காரணம். சாலையில் 30 பவுண்டை ஒட்டிக் காற்று வைத்திருக்கும் ஜீப்பில், மணலுக்கு இறங்குமுன் 18 பவுண்டாகக் குறைத்தால், டயர் தட்டையாகப் படிந்து, தரையைத் தொடும் பரப்பு நீளவாக்கில் வெகுவாகக் கூடுகிறது. கம்பெனி டயரே போதும் என்று அநேகர் கண்டுகொள்வது அப்போதுதான். கடலாமைகள் முட்டையிட வரும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில் கடற்கரை மணலில் வண்டியை இறக்காமலிருப்பது மரியாதை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இந்த முறைக்கு வேண்டியவை ஒரு காற்றுமானியும், வண்டியின் பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பும்தான். ஒரு பெரிய டயரின் விலையில் சிறு பகுதிக்கு இரண்டும் கிடைத்துவிடும். ஆனால் 18 பவுண்டோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி 80 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால், பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறி, நூலடுக்குகள் பிரிந்து டயர் சிதறிவிடும். ஆகவே மணலை விட்டு ஏறியதும் சாலையோரம் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் கண்ட அளவுக்குக் காற்றை ஏற்றிவிட்டே புறப்பட வேண்டும். சிறிய பம்பானால் டயருக்கு ஐந்து நிமிஷம் பிடிக்கும்.